கடலில் இறக்கிய பிறகும் போர்க்கப்பல் ஏன் வருடக்கணக்கில் தளத்திலேயே நிற்கிறது?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போர்க்கப்பலைத் தண்ணீரில் இறக்கிவிட்டோம் என்று படத்தோடு செய்தி வந்து மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் அது கடற்படையில் சேர்கிறது, அதுவரை என்னதான் செய்கிறார்கள் என்பது ஒன்று. சேர்ந்த கப்பலும் சில வருடங்களுக்கு ஒருமுறை ரீஃபிட் (பெரிய பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும்) என்று போய் மாதக்கணக்கில் நிற்கிறதே, அது உண்மையான வேலையா, இல்லை தளத்துக்காரர்கள் காலத்தை ஓட்டுகிறார்களா என்பது இன்னொன்று. கூடவே, பழையதைச் சரிசெய்வதைவிடப் புதிதாகவே கட்டிவிடலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதைக் கடைசியில் பார்க்கலாம். நான் கப்பலின் உடம்பு சம்பந்தப்பட்ட ஆள். தகடு, வெல்டிங், குழாய், டாக்கில் (தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலை நிற்கவைக்கும் பெரிய தொட்டி) ஏற்றி இறக்குவது, இதில்தான் என் காலம் போனது. ரேடார், ஏவுகணை, அணு உலை எல்லாம் என் துறை இல்லை, அவை வரும் இடத்தில் பொதுவில் வந்த தகவலை மட்டும்தான் சொல்ல முடியும்.

சுருக்கமான பதில் இதுதான். எஃகை வெட்டி ஒட்டிக் கப்பல் உருவத்தைக் கொண்டுவருவது சுலபமான பாதி. நேரத்தைத் தின்பது உள்ளே நடக்கிற வேலை, அதைவிட அந்த வேலைகளின் வரிசை. முதலில் வரவேண்டியது கடைசியில் வந்தால், எத்தனை ஆள் போட்டாலும் ஓடாது. தாமதமான கப்பல்களின் கதையை எடுத்துப் பாருங்கள், ஏதோ ஒரு இயந்திரம் வந்து சேரவில்லை, அல்லது ஏதோ ஒரு வரைபடம் முடியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலையை ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்கள்.

முதலில் தண்ணீரில் இறக்குவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கப்பல் பிறந்த நாள். தளத்தில் வேலை செய்பவனுக்கு, டாக் காலியான நாள். கப்பல் கட்டும் தளத்தில் பணம் கொடுத்தாலும் சட்டென்று கிடைக்காத ஒரே பொருள் உலர் டாக்தான். அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வேலை, அதாவது அடித்தகடு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், சுக்கான், கடல்நீர் வால்வுகள், சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) குமிழ் போன்றவை ஓரளவு முடிந்து, உடம்பு ஒழுகாமல் மிதக்கும் என்று ஆனதும் வெளியே தள்ளிவிடுவார்கள். அடுத்த கப்பலுக்கு இடம் வேண்டும். உள்ளே பாதிக்கு மேல் வெறும் எஃகு அறைகளாகவே இருந்தாலும் கப்பல் நன்றாக மிதக்கும். இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் இதற்கு நல்ல உதாரணம். கொச்சியில் 2009 பிப்ரவரியில் கீல் (கப்பலின் அடித்தண்டு) போட்டார்கள், 2011 டிசம்பரில் ஒருமுறை வெளியே மிதக்கவிட்டார்கள், மறுபடி டாக்குக்குள் கொண்டுவந்து 2013 ஆகஸ்டில் விழா எடுத்து இறக்கினார்கள், அதற்கும் பிறகு டாக் வேலை இருந்து 2015 ஜூனில் மறுபடி வெளியே வந்தது. முதல் கடல் சோதனை 2021 ஆகஸ்டில், கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 2ஆம் தேதி. எந்த 'இறக்கிய தேதி'யிலிருந்து கணக்குப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள். அதில் ஆரம்பத்திலேயே சிக்கல், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய எஃகு வரவில்லை, உள்நாட்டிலேயே டிஎம்ஆர் 249ஏ என்ற எஃகை உருவாக்கித் தயாரிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் முக்கிய கியர்பாக்ஸும் டீசல் ஜெனரேட்டர்களும் தாமதம். கியர்பாக்ஸ் என்பது கப்பலின் அடிவயிற்றில் உட்காருகிற பொருள். அது உள்ளே போகாமல் மேலே உள்ள தளங்களை மூட முடியாது, மேலே மூடாமல் அங்கே குழாய் போட முடியாது, குழாய் போகாமல் கேபிள் இழுக்க முடியாது.

இந்தக் குழாய், கேபிள் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மூன்று நான்கு வருடம் பெரும்பாலும் போகிற இடம் இதுதான். விக்ராந்தில் அறைகள் மட்டும் 2,200க்கு மேல், கேபிள் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு போர்க்கப்பலின் நடைபாதையில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால் தீயணைப்புக் குழாய், குளிர்நீர்க் குழாய், ஹைட்ராலிக் குழாய், காற்றுக் குழல், அதன் ஓரத்தில் கேபிள் தட்டுகள் என்று கைவிட இடமில்லாமல் போகும். பெரிதும் விறைப்புமானது முதலில் போகவேண்டும், வளைந்து கொடுப்பது கடைசியில். காற்றுக் குழல் வருவதற்கு முன் கேபிள் இழுத்துவிட்டால், குழல் வந்ததும் கேபிளைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதோடு நீர்புகாத ஒவ்வொரு தடுப்புச் சுவரையும் கேபிள் துளைத்துப் போகும் இடத்தில், தீயும் தண்ணீரும் அந்தப் பக்கம் போகாதபடி சட்டம் வைத்து அடைப்பார்கள். அடைத்துச் சோதித்து முடித்த பிறகு, ரேடார் ஆட்கள் வந்து இன்னும் நான்கு கேபிள் போகவேண்டும் என்பார்கள். பிரித்து, போட்டு, அடைத்து, மறுபடி சோதனை. இது எல்லாக் கப்பல் கட்டும் தளத்திலும் நடக்கும். எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: பட்டறையில் 1 மணி நேரத்தில் முடிகிற வேலை, பிளாக் (கப்பலின் ஒரு பெரிய துண்டு) நிலையில் 3 மணி நேரம் ஆகும், அதையே கப்பல் முழுதாகச் சேர்ந்த பிறகு உள்ளே புகுந்து செய்தால் 8 மணி நேரம். எண்கள் தளத்துக்குத் தளம் மாறும், ஆனால் விகிதம் பொய் இல்லை. அதனால்தான் இப்போது கப்பலை முழுசாகக் கட்டாமல் பெரிய பெரிய பிளாக்குகளாகக் கட்டி, தலைகீழாகத் திருப்பிப் போட்டுக் குழாய் மாட்டி, பெயின்ட் அடித்து, அப்புறம் ஒன்றோடு ஒன்று சேர்க்கிறார்கள். தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பற்றவைப்பதைவிடக் குனிந்து பற்றவைப்பது வேகம், தரமும் கூடுதல். ஆனால் பிளாக்கிலேயே குழாய் மாட்டவேண்டும் என்றால் அந்தக் குழாயின் வரைபடம் அன்றைக்கே தயாராக இருக்கவேண்டும். இங்கேதான் பல பேர் கவிழ்கிறார்கள்.

பிரிட்டனின் ட்ரெட்நாட் என்ற போர்க்கப்பலை ஒரே வருடத்தில் கட்டினார்களே, அதுவும் 1906இல், என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். உண்மைதான். போர்ட்ஸ்மவுத்தில் 1905 அக்டோபர் 2இல் கீல், 1906 பிப்ரவரி 10இல் தண்ணீரில், அக்டோபரில் கடல் சோதனை. ஆனால் கீல் போடுவதற்குப் பல மாதம் முன்பிருந்தே தகடுகளைச் சேர்த்துவைத்தார்கள், தகடுகளின் அளவு வகைகளைக் குறைத்தார்கள், வேறு இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த பெரிய பீரங்கிக் கோபுரங்களை எடுத்து இதில் வைத்தார்கள். அந்த இரண்டு கப்பல்களும் அதனால் தாமதமானதை யாரும் பேசுவதில்லை. எதிர்த்திசையில் ஒரு உதாரணம் அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் ரகக் கப்பல். ஏற்கெனவே ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று ஆரம்பித்து, மாற்றி மாற்றி, வரைபடம் முடிவதற்குள் 2022இல் கட்ட ஆரம்பித்தார்கள். எடை ஏறியது, தேதி வருடக்கணக்கில் தள்ளிப்போனது. ஸ்பெயினின் எஸ்-80 நீர்மூழ்கி இன்னும் மோசம். கட்டிக்கொண்டிருக்கும்போது 2013 வாக்கில் எடைக் கணக்கு உதைப்பது தெரிந்தது, கூடிப்போன எடையைத் தாங்க உடம்பைச் சுமார் 71 மீட்டரிலிருந்து 81 மீட்டராக நீட்டினார்கள், முதல் கப்பல் ஒப்படைக்கப்பட்டது 2023 நவம்பரில்தான்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் சோதனைகள். முதலில் கப்பலைத் துறையில் கட்டிப்போட்டே இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது. அப்புறம் சாய்வுச் சோதனை. காற்றில்லாத காலை நேரமாகப் பார்த்து, கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடை தெரிந்த கட்டிகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே நீளமாகத் தொங்கும் தூக்குக்குண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கிடைத்துவிடும். அந்த நேரத்தில் உள்ளே யாரும் அங்கும் இங்கும் நடக்கக்கூடாது. பல ஆயிரம் டன் கப்பலின் நிலைத்தன்மையை நூலும் அளவுகோலும் வைத்துத் தீர்மானிப்பதைப் பார்க்க இன்றும் எனக்குப் பிடிக்கும். அப்புறம் கடல் சோதனை, சத்த அளவு, காந்த அளவு, ஆயுதம். அமெரிக்கா 2021இல் ஜெரால்டு ஃபோர்டு விமானந்தாங்கிக்குப் பக்கத்தில் கடலுக்குள் ஒவ்வொரு முறையும் சுமார் 18 டன் வெடிபொருளை வெடிக்கவைத்து மூன்று முறை அதிர்ச்சிச் சோதனை செய்தது. அந்தக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது 2017இல், குண்டுகளை மேலே கொண்டுபோகும் 11 லிஃப்டுகளில் கடைசி லிஃப்ட் தயாரானது 2021 டிசம்பரில். ஆக 'சேர்த்த தேதி'யும் ஒருவகையில் காகிதத் தேதிதான். விக்ராந்திலும் போர் விமானம் முதன்முதலாக இறங்கியது சேர்ந்த பிறகு, 2023 பிப்ரவரியில். வேகத்துக்குப் பேர்போன சீனாவே ஃபூஜியன் விமானந்தாங்கியை 2022 ஜூனில் இறக்கி 2025 நவம்பரில்தான் சேர்த்தது. சின்னக் கப்பல்களில் அவர்கள் உண்மையிலேயே வேகம், ஏனென்றால் 054ஏ என்ற போர்க்கப்பல் ரகம் மாதிரி ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். பத்தாவது கப்பலில் வெல்டருக்குக்கூட வரைபடம் தேவைப்படாது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். ரீஃபிட்டில் என்ன நடக்கிறது? கடல்நீரில் நிற்கிற உலோகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைகிறது, அதன்மேல் கொட்டலசு, பாசி, சிப்பி ஒட்டுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மரக்கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழுவும் பாசியும் அண்டவில்லை, ஆனால் சில வருடத்தில் பார்த்தால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. 1824 வாக்கில் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞர், செம்பு கரையாமல் இருக்க அதில் இரும்பு, துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது. கரைகிற செம்புதான் உயிரினங்களை விரட்டிக்கொண்டிருந்தது என்பதால் கொட்டலசு ஜோராக வளர ஆரம்பித்தது! இன்றைக்கும் எஃகுக் கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகள் வைக்கிறோம், உடம்புக்குப் பதிலாக அவை கரையட்டும் என்று, பாசிக்குத் தனியாக விஷப் பெயின்ட். இது இருநூறு வருடப் பாடம். இருந்தும் அமெரிக்காவின் இண்டிபெண்டன்ஸ் என்ற அலுமினியக் கப்பலில், எஃகுத் தாரை உந்திகளைச் சுற்றி உடம்பு வேகமாக அரித்துப்போய் 2011இல் பெரிய செய்தியானது. அரிப்புப் பாதுகாப்பு அமைப்பை முதலில் முழுதாக வைக்கவில்லை.

டாக்கில் ஏற்றுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டாக்கின் தரையில் வரிசையாகக் கட்டைகள் அடுக்கி, கப்பல் எந்தச் சட்டத்தின் மேல் உட்காரவேண்டும் என்று வரைபடம் போட்டு, தண்ணீரை இறைத்துக்கொண்டே இறக்குவோம். வழக்கமாகப் பின்பக்கம் முதலில் கட்டையைத் தொடும். தொட்டதிலிருந்து முழுக் கப்பலும் உட்காரும்வரை அதன் நிலைத்தன்மை குறைந்துகொண்டே வரும், பக்கவாட்டுத் தாங்கல் நேரத்துக்குச் சேரவேண்டும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்கும் நேரம் அது. கிளம்பும்போதும் அதே கதை, அதுவும் உள்ளே எடை இடம் மாறியிருக்கும் என்பதால் கணக்கு புதிதாகப் போடவேண்டும். 2016 டிசம்பரில் மும்பையில் ஐஎன்எஸ் பேத்வா என்ற போர்க்கப்பல் டாக்கிலிருந்து இறக்கும் நேரத்தில் பக்கவாட்டில் சரிந்து இரண்டு மாலுமிகள் இறந்தார்கள். இன்னொரு சின்ன விஷயம், கட்டைகளுக்கு அடியில் மறைந்த இடத்தில் பெயின்ட் அடிக்க முடியாது, அதனால் அடுத்த முறை டாக்கில் ஏற்றும்போது கட்டைகளின் இடத்தை மாற்றி வைப்போம். விட்டுப்போன திட்டுகளுக்கு அதுவரை காத்திருப்புதான்.

ஏறியாயிற்று, இனி திறந்து பார்ப்பது. ரீஃபிட் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலையைச் செய்ய எவ்வளவு நாள் என்று எந்தத் திட்டமிடுபவனும் சொல்லிவிடுவான். எழுதாத வேலைதான் ஆளைக் கொல்லும். வயிற்றைத் திறந்த பிறகுதான் டாக்டருக்கே முழு விவரம் தெரிகிற மாதிரி, தொட்டியைத் திறந்து, சுத்தம் செய்து, விஷவாயு இல்லை என்று சான்று வாங்கி, உள்ளே ஆள் இறங்கின பிறகுதான் நிலைமை தெரியும். ஒரு நாணய அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பசை தடவி, அல்ட்ராசோனிக் முனையை வைத்தால் தகட்டின் தடிமன் திரையில் வரும். அந்த எண்ணைச் சாக்பீஸால் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போவார்கள். 10 மில்லிமீட்டர் என்று வரவேண்டிய இடத்தில் 9.4, 9.1 என்று போய்க்கொண்டிருந்து ஒரு மூலையில் திடீரென்று 6 வரும். அந்த 6-ஐச் சுற்றி எங்கே வரை வெட்டுவது என்பதுதான் அடுத்த ஒரு வாரத்துச் சண்டை. எங்கே அரித்திருக்கும் என்று அனுபவத்தில் ஓரளவு தெரியும்: சமையலறை, கழிப்பறைத் தரைகளுக்கு அடியில், இயந்திரப் பீடங்களுக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடத்தில், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறையில், கடல்நீர் உள்ளே வரும் பெட்டிகளில். காற்றுப்புகாத, யாரும் எட்டிப்பார்க்காத மூலைகள்.

வெட்டவேண்டிய தகடு ஒரு மேசை அளவுதான் இருக்கும், வெல்டருக்கு அரைநாள் வேலை. ஆனால் அந்தத் தகட்டுக்கு மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? வெப்பக்காப்புப் பஞ்சு, அதன்மேல் கேபிள் தட்டு, பக்கத்தில் ஒரு எண்ணெய்க் குழாய். பஞ்சைப் பிரிக்கவேண்டும், கேபிளைக் கழற்றவோ மூடவோ வேண்டும், குழாயைக் காலி செய்து கழுவவேண்டும், வாயுச் சான்று வாங்கவேண்டும், சுவருக்கு இரண்டு பக்கமும் தீயணைப்பானோடு ஆள் நிற்கவேண்டும், அதே நேரத்தில் மேல்தளத்தில் பெயின்ட் அடிக்க யாருக்கும் அனுமதி இருக்கக்கூடாது. முடிந்ததும் கதிர்ப்படம், அப்புறம் பிரித்ததையெல்லாம் திரும்ப மாட்டி ஒவ்வொன்றையும் சோதிப்பது. அரைநாள் வெல்டிங் இரண்டு வாரம் ஆனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதில் சோம்பேறி என்று ஒருவனைக்கூடக் கைகாட்ட முடியாது. இயந்திரம் மாற்றவேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். பிரிட்டனின் டைப் 45 கப்பல்கள் வெப்பமான கடலில் மின்சாரம் தடைபட்டு நின்றதால் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை எடுத்துவிட்டுப் பெரிதாக மூன்று வைக்க முடிவெடுத்தார்கள், அதற்குக் கப்பலின் பக்கத்தை அறுத்துத் திறக்கவேண்டியிருந்தது.

இந்த நெருப்புக் காவலை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். 2012 மே மாதம் அமெரிக்காவில் ரீஃபிட்டில் இருந்த மயாமி என்ற அணுசக்தி நீர்மூழ்கியில், வேலையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு தொழிலாளி தீ வைத்தார், கப்பலைக் காப்பாற்றச் செலவு கட்டாது என்று கைவிட்டார்கள். 2020 ஜூலையில் போன்ஹோம் ரிச்சர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் துறைமுகத்திலேயே நான்கு நாளுக்கு மேல் எரிந்து உடைப்புக்குப் போனது. ரீஃபிட் நேரத்தில் தீயணைப்பு அமைப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும், கதவுகள் வழியே தற்காலிகக் கேபிளும் குழாயும் ஓடுவதால் மூட முடியாது, பாதி மாலுமிகள் கப்பலில் இருக்கமாட்டார்கள். கடற்படைக் கப்பலுக்கு எதிரியைவிட ஆபத்தான காலம் இதுதான் என்பது என் கருத்து.

அவசரப்பட்டால் முடியாதா என்றால், முடியும். 1942 மே மாதம் பவளக்கடல் சண்டையில் அடிபட்ட அமெரிக்க விமானந்தாங்கி யார்க்டவுன் 27ஆம் தேதி பேர்ல் ஹார்பர் வந்தது. மூன்று மாத வேலை என்று மதிப்பிட்டார்கள், 30ஆம் தேதி கிளம்பியது, மிட்வே சண்டையில் கலந்துகொண்டது. ஆனால் அங்கே நடந்ததைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. உள்ளே மரத்தால் முட்டுக்கொடுத்து, மேலே தகடு போட்டு மூடி, அடிபட்ட பாய்லர்களைக்கூடச் சரிசெய்யாமல் அனுப்பினார்கள். போரில் அது சரியான முடிவு. அமைதிக் காலத்தில் அப்படி அனுப்ப எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது. அமெரிக்காவின் திரெஷர் நீர்மூழ்கி 1963 ஏப்ரலில் தளத்தில் வேலை முடித்து வெளியே வந்து ஆழச் சோதனையில் 129 பேரோடு மூழ்கியது. கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டிருக்கலாம் என்றது விசாரணை. மின்கோளாறுதான் முதலில் என்று வாதிடுபவர்களும் உண்டு, அது இன்னும் தீராத வாதம். தீர்ந்த விஷயம் என்னவென்றால், அந்தக் கப்பலில் சோதித்துப் பார்த்திருந்த வெள்ளிப் பற்றவைப்பு இணைப்புகளில் சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன, மற்றவற்றைச் சோதிக்கவே இல்லை. அதே வருடக் கடைசியில் சப்சேஃப் என்ற கெடுபிடி முறை வந்தது: தண்ணீரைத் தடுக்கும் ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம், யார் செய்தது, யார் சோதித்தது என்று பதிவு. அந்தச் சான்று பெற்ற எந்த அமெரிக்க நீர்மூழ்கியும் அதன்பிறகு மூழ்கவில்லை. 1968இல் மூழ்கிய ஸ்கார்பியன் நீர்மூழ்கிக்கு அந்தச் சான்று இல்லை. நீங்கள் தாமதம் என்று பார்ப்பதில் ஒரு பங்கு இந்தக் காகிதம்தான்.

அப்போ எல்லாத் தாமதமும் நியாயமா? இல்லை. போய்ஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக்கு மூழ்கும் அனுமதி 2017இல் காலாவதியானது, டாக்கில் இடமில்லை, ஆள் இல்லை என்று துறையிலேயே கிடந்தது, பெரிய ரீஃபிட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 பிப்ரவரியில். ஜார்ஜ் வாஷிங்டன் விமானந்தாங்கியின் நடுவயது ரீஃபிட் நான்கு வருடம் என்று 2017இல் ஆரம்பித்து 2023 மே மாதம் முடிந்தது. இவை வெல்டிங் மெதுவாக நடந்ததால் வந்தவை இல்லை. டாக்குகளையும் திறமையான ஆட்களையும் பல வருடம் கவனிக்காமல் விட்டு, கப்பல்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனதன் விளைவு. நல்ல குழாய் வெல்டர் உருவாகப் பல வருடம் ஆகும், ஆர்டர் இல்லாத இரண்டு வருடத்தில் அவர் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். பழைய கப்பல்களுக்கு உதிரிபாகம் செய்த கம்பெனியே மூடிப்போயிருக்கும், அப்போது பக்கத்தில் நிற்கும் கப்பலிலிருந்து கழற்றி இதில் மாட்டுவார்கள். ஒரு கப்பல் கிளம்பும், இன்னொன்றின் தேதி தள்ளும்.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லவேண்டும் என்றால், உள்வேலைதான் நேரத்தைத் தின்கிறது என்பதும், வரைபடத்துக்கு முன்னால் கட்டினால் இரட்டைச் செலவு என்பதும் நிச்சயம், இதில் இரண்டு கருத்து இல்லை. செய்தியில் வரும் '80 சதவீதம் முடிந்துவிட்டது' வகை எண்ணை நான் நம்புவதில்லை. அது எஃகின் எடையிலா, செலவழித்த பணத்திலா, மனித உழைப்பு நேரத்திலா என்று சொல்லமாட்டார்கள், மூன்றுக்கும் மூன்று விடை வரும், எடைக் கணக்கில்தான் எண் எப்போதும் அழகாக இருக்கும். அந்த நாடு இந்த விலைக்குக் கட்டுகிறதே என்ற ஒப்பீடும் அப்படித்தான், ஒருவர் ஆயுதத்தையும் உதிரியையும் பயிற்சியையும் சேர்ப்பார், இன்னொருவர் வெறும் கப்பலைச் சொல்வார். அடுத்த முறை செய்தி படிக்கும்போது முக்கிய இயந்திரங்கள் உள்ளே போயாயிற்றா, கரையிலிருந்து எடுத்த மின்சாரம் போய்க் கப்பலின் சொந்த ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் நடந்திருந்தால் பாதி மலை ஏறியாகிவிட்டது.

கடைசியாக, பழையதா புதிதா. உடம்பு நன்றாக இருந்து, மாற்றவேண்டியது ஆயுதமும் மின்னணுவும் மட்டும் என்றால் ரீஃபிட் லாபம். 30 வருடம் ஓடவேண்டிய உடம்பில் மின்னணுவை இரண்டு மூன்று முறை மாற்றுவது எல்லாரும் செய்வதுதான். உடம்பையே திருத்தி எழுதவேண்டும் என்றால் நான் யோசிப்பேன். இந்தியாவின் விக்ரமாதித்யா விமானந்தாங்கி ஆன பழைய ரஷ்யக் கப்பலுக்கு 2004இல் போட்ட ஒப்பந்தம் 97.4 கோடி டாலர், 2008இல் தருவதாகப் பேச்சு. திறக்கத் திறக்க மாற்றவேண்டிய கேபிளும் தகடும் கூடிக்கொண்டே போய், விலை 235 கோடி டாலர் ஆகி, 2013 நவம்பரில் வந்தது. அதிலும் 2012இல் முழு வேகச் சோதனையில் 8 பாய்லர்களில் 7 பழுதாயின, ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்றதால் உள்ளே வைத்த தீச்செங்கல் தாங்கவில்லை, ஒரு வருடம் போனது. அப்படியும் அன்றைக்கு அது தப்பான முடிவு என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் புதிதாகக் கட்டிய விக்ராந்த் வந்தது அதற்கும் ஒன்பது வருடம் கழித்து. ஒப்பந்தம் போடுவதற்கு முன் டாக்கில் ஏற்றி, தகட்டை அளந்து, கேபிளை எண்ணிப் பார்த்திருந்தால் முதல் விலை இவ்வளவு தப்பாக வந்திருக்காது, பேரம் வேறு மாதிரி நடந்திருக்கும்.